விண்ணப்பதாரருக்குச் சொந்தமான முடி

வசந்தகுமாரி நாலு கிலோ இரும்புக் குண்டைப் பதினொரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் தூரத்துக்கு எறிவாள். அதற்கு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று 2012ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் வரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். காலையில் பழைய சோறும் கருவாடும், மதியம் சோறும் மீன் குழம்பும், ராத்திரி மிச்சச் சோறும் மிச்சக் குழம்பும்.

போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தை ஒட்டிய ஒரு சர்க்கார் கிடங்கில் அவள் தினக்கூலி மஸ்தூர். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் மூட்டைகளைத் தூக்கி அடுக்குவது வேலை. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லய வீடுகளைச் சுனாமி வாரிக்கொண்டு போன பிறகு போர்ட் பிளேருக்கு வந்தவள், ஏழு வருஷமாக மூட்டை தூக்கி வருகிறாள். ஒரு குடியரசு தினத்தில் ஊழியர்களுக்கு வைத்த விளையாட்டுப் போட்டியில் யாரோ அவள் கையில் குண்டைக் கொடுத்தார்கள். அவள் எறிந்தது அளவு நாடா பிடித்து நின்றிருந்த ஆளையும் தாண்டிப் போய் விழுந்தது. அன்று முதல் தீவு அணியில் அவளுக்கு இடம்.

அடுத்த பிப்ரவரியில் சென்னையில் அரசு ஊழியர்களுக்கான தடகளப் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிரந்தரமாகும். அதற்கு வயது வரம்பு முப்பத்தைந்து. வசந்தகுமாரிக்கு மார்ச்சில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த முறை விட்டால் சாகும்வரை தினக்கூலிதான் என்பது அவளுக்கும் தெரியும், அபர்டீன் பஜாரில் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் விஜயனுக்கும் தெரியும்.

மைதானத்தில் குண்டு எறியும் வட்டத்தில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்து அதில் புல் முளைத்திருந்தது. அதைப் பூசித் தரும்படி வீரர்கள் மூன்று வருஷமாக மனு கொடுத்துவந்தார்கள். மனுக்களை எல்லாம் பரிசீலித்த உயர்மட்டக் குழு, தீவு வீரர்களின் உண்மையான குறை அவர்களுடைய முடியில் இருப்பதாகக் கண்டறிந்தது. ஆகவே டெலானிபூர் மேட்டில் கேசப் பகுப்பாய்வுவழி ஊட்டச்சத்து முன்னோடித் திட்ட அலுவலகம் திறக்கப்பட்டது. வட்டத்தில் முளைத்த புல்லை யாரும் தொடவில்லை.

திட்டத்தின் இயக்குநர் பழனிசாமி மெயின்லேண்டிலிருந்து வந்தவர். தொடக்க விழாவில் இருபத்துநான்கு வீரர்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து அவர் பேசினார்.

"நாக்கு பொய் சொல்லும். வயிறு பொய் சொல்லும். முடி மட்டும் பொய் சொல்லாது. ஏன்னா முடிக்கு வாய் கிடையாது. அதனால அது சொல்ல வேண்டியதை எல்லாம் நானே சொல்லிடப்போறேன்" என்றார். கைதட்டல் அடங்கியதும், இந்த முறை பலன் தருகிறதா இல்லையா என்று நேர்மையாகப் பரிசோதிப்பதுதான் திட்டத்தின் நோக்கம் என்று விளக்கினார். "பலன் தருதுன்னு முடிவு வந்த உடனே மேலிடத்துக்கு அறிக்கை போகணும். தாமதம் ஆகக்கூடாதுன்னு அறிக்கையை முன்னாடியே எழுதி வெச்சாச்சு. உங்க பேரையும் தேதியையும் நிரப்பறதுதான் பாக்கி."

பிறகு சீட்டுக் குலுக்கி வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் முடி சொன்னபடி உணவு. மறு பிரிவுக்கு முடி சொல்லாதபடி உணவு. யார் எந்தப் பிரிவு என்பது வீரர்களுக்கும் தெரியக்கூடாது, இயக்குநருக்கும் தெரியக்கூடாது, அதுதான் விஞ்ஞானம் என்றார் பழனிசாமி. பட்டியலை ஓர் இரும்பு அலமாரியில் பூட்டினார்கள். சாவியை வைத்திருந்தவருக்கு அடுத்த வாரமே தீவுகளின் தெற்குக் கோடியிலிருக்கும் கேம்பல் பே என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. போகும்போது சாவியையும் மறந்து கொண்டுபோய்விட்டார். இப்படியாக அந்த விதி மட்டும் நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்பட்டது.

கயிறு இழுக்கும் அணியின் தலைவர் குழந்தைவேலு முழு வழுக்கை. அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, முடி இல்லாத காரணத்தால் ஊட்டச்சத்துக் குறை ஏதும் பதிவாகவில்லை என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் நேராகப் போய் இரண்டு பிளேட் மீன் வறுவல் சாப்பிட்டார்.

வசந்தகுமாரிக்கு இடுப்பைத் தொடும் முடி. முதல் மாதிரியைப் பிடரியில் ஐந்து இடத்தில் எடுத்தார்கள். வேரை ஒட்டி வெட்ட வேண்டும், வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர்தான் ஆய்வுக்கு, மிச்சம் தேவையில்லை என்றாள் குமாஸ்தா அன்னம்மாள். தேவையில்லை என்றால் அந்த நீள முடியைத் தானே கொண்டுபோவதாக வசந்தகுமாரி கேட்டாள். பதிவேட்டில் ஏறிவிட்டதால் அது இப்போது அரசு உடைமை, தணிக்கை முடியும்வரை தர முடியாது என்று பதில் வந்தது.

முதல் மாதிரி கப்பல் ஏறவில்லை. உயிரினப் பொருள் என்று நிறுத்திவிட்டார்கள். எந்த உயிரினம் என்று படிவத்தில் கேட்டிருந்த கட்டத்தில் அலுவலகம் 'தடகளம்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது மாதிரி சென்னை ஆய்வகம் வரை போய், தேங்காயெண்ணெயும் கடல் உப்பும் இருப்பதாகத் திரும்பி வந்தது. மூன்றாவதற்கு முன்பு பதினைந்து நாள் எண்ணெய் வைக்காமல், கடற்காற்று படாமல் இருக்கும்படி உத்தரவு. ஹேடோவில் கடற்காற்று படாமல் இருப்பது எப்படி என்று அவள் கேட்டதற்கு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சர்க்கரை மூட்டைக்குள் போட்டு வரும் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் பதினைந்து நாள் மூட்டை தூக்கினாள். கூட வேலை செய்கிறவர்கள் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மழை வந்தபோது இன்னும் இரண்டு பேர் கட்டிக்கொண்டார்கள்.

நவம்பரில் முப்பத்திரண்டு பக்க அறிக்கை வந்தது. அவள் உடம்பில் துத்தநாகம் குறைவு, பாதரசம் சந்தேகத்துக்குரியது, இன்னொன்றின் பெயரை அன்னம்மாளால் வாசிக்க முடியவில்லை. மீன் கூடாது. தேங்காய் கூடாது. வெள்ளை அரிசி கூடாது. ஓட்ஸ், பாதாம், புரோக்கோலி, இளங்கோதுமைப் புல்லின் சாறு ஆகியவை மட்டும் உண்ண வேண்டும்.

அவள் இயக்குநரைப் பார்க்கக் காத்திருந்து உள்ளே போனாள்.

"மச்லி வேணாம், நாரியல் வேணாம், சாவல் வேணாம்னா இந்தத் தீவுல வேற என்னா சார் இருக்கு?"

"இதெல்லாம் நான் சொல்லலைம்மா. உன் முடி சொல்லுது" என்றார் பழனிசாமி. "இத்தனை வருஷமா உன் முடி உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டு இருந்திருக்கு. நீ மீன் குழம்பு ஊத்தி அதோட வாயை அடைச்சிருக்கே." முடிக்கு வாய் கிடையாது என்று விழாவில் சொன்னவர் இவர்தான் என்பது வசந்தகுமாரிக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அணித் தேர்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

விஜயன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு அபர்டீன் பஜார் முழுக்கத் தேடினான். காய்கறிக்கடை வங்காளிக்காரர் புரோக்கோலி என்பதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஜஹாஸ் ஆயேகா தோ மிலேகா" என்றார், கப்பல் வந்தால் கிடைக்கும் என்று. கப்பல் வந்தது. அதில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வந்தன. அடுத்த கப்பலில் பூ மாதிரி பச்சையாக ஒன்று வந்தது. பாதிக்கு மேல் மஞ்சளாகி நாற்றமடித்தது. அதை விஜயன் குழந்தையைத் தூக்கி வருவது போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பாதாமோ, வாரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கோதுமைப் புல்லுக்காக ஒரு பழைய டப்பாவில் கோதுமையை விதைத்தார்கள். முளைத்து வந்ததைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. பாசிப்பருப்பாவது சாப்பிடலாமா என்று கேட்டு எழுதினாள். மாற்று உணவு ஒப்புதல் படிவத்தில் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. படிவத்தில் கேட்டாள். பத்தொன்பது நாள் கழித்து, கேள்வி பரிசீலனையில் இருப்பதால் அதுவரை பருப்பைத் தவிர்க்கவும் என்று கடிதம் வந்தது.

அதுவரை ஓட்ஸ் கஞ்சி. காலையில் கஞ்சி, மதியம் கஞ்சி. பக்கத்து வீட்டில் சூரை மீன் கொதிக்கும்போது அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவாள். நீ திருட்டுத்தனமாகச் சாப்பிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றான் விஜயன்.

"முடியில தெரிஞ்சிருமாம்ங்க" என்றாள் அவள்.

உண்மையிலேயே அவள் அப்படித்தான் நம்பினாள். முப்பத்திரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதியிருப்பவர்கள் ஒன்றுமில்லாமலா எழுதுவார்கள் என்பது அவள் நினைப்பு.

டிசம்பர் நடுவில் அவள் எடை எழுபத்தெட்டிலிருந்து அறுபத்தொன்பதுக்கு வந்தது. கிடங்கில் இரண்டு மூட்டைக்கு ஒரு முறை உட்கார்ந்தாள். மைதானத்தில் அளவெடுத்த அன்று குண்டு ஒன்பது மீட்டர் அறுபதில் விழுந்தது. அடுத்தது ஒன்பது மீட்டர் நாற்பதில். அளவு நாடா பிடித்த ஆள் இப்போது குண்டுக்குப் பயப்படாமல் முன்னால் வந்து நின்றுகொண்டான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது.

பழனிசாமி அந்த அளவுகளைப் பார்த்து மகிழ்ந்துபோனார். வீரர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எத்தனையோ திட்டம் நடத்தியிருக்கேன். ஒண்ணுலயும் ஒரு மாற்றமும் வந்ததில்லை. இதுலதான் முதல் தடவையா மாற்றத்தைக் கண்ணால பார்க்கறேன். தூரம் குறைஞ்சதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வசந்தகுமாரியோட முடியில துத்தநாகம் ஏறியிருக்கு. முடி முதல்ல தேறும், உடம்பு பின்னால வரும். வரலைன்னா அந்தக் குறை உடம்போடது, திட்டத்தோடது இல்லை."

துத்தநாகம் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகப் பத்து நாளைக்கு ஒரு மாதிரி எடுத்தார்கள். பிடரி தீர்ந்து காதுப்பக்கம் வந்து, காதுப்பக்கம் தீர்ந்து உச்சிக்கு ஏறினார்கள். கத்தரித்தவன் தவளை அறுக்கப் பயின்ற ஆய்வக உதவியாளன். கடைசியில் தலை எலி கடித்த பாய் போலாயிற்று. வேலைக்குப் போக வெட்கப்பட்டு அவள் ஒருநாள் விஜயனோடு சலூனுக்குப் போய் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிச் சமப்படுத்திக்கொண்டு வந்தாள். தெருவில் பார்த்தவர்கள், எந்தக் கோயில் வேண்டுதல், எப்போது மெயின்லேண்ட் போய் வந்தாய் என்று விசாரித்தார்கள். டெலானிபூர் வேண்டுதல் என்றாள்.

அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது. சென்னை செல்லும் அணியில் இடம்பெற ஒவ்வொருவரும் கேசத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு இறுதி மாதிரி இருநூற்றைம்பது மில்லிகிராம், நீளம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் தர வேண்டும். அலுவலகத்தில் அளந்து பார்த்தார்கள். அவள் தலையில் இரண்டுக்கு மேல் ஒன்றுமில்லை.

பழனிசாமி வருத்தப்பட்டார். வீராங்கனைகள் முடியைப் பேணாமல் விடுவது தீவின் பெரிய குறை என்றார். வெட்டியது நீங்கள்தானே சார் என்றாள் வசந்தகுமாரி. எடுத்தது மாதிரிதான், வெட்டியது சலூன்காரன், அதற்குத் துறை பொறுப்பேற்க முடியாது என்று அவர் கோப்பில் எழுதினார். முடி அந்த அளவு வளர மூன்று நாலு வாரமாவது ஆகும். கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

வெளியே வந்து நடையில் இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கச்சாலில் அலை வந்து போன மறுநாள் வீடு இருந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு விஜயனிடம் சொன்னவள் அன்னம்மாள். அவளும் நிக்கோபார் பக்கத்திலிருந்து வந்தவள், அந்த உட்காருதலைப் பார்த்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து அன்னம்மாள் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வசந்தா, இங்க என்ன போட்டிருக்குன்னு பாரு. 'விண்ணப்பதாரருக்குச் சொந்தமான முடி'. அவ்வளவுதான். தலையில முளைச்சதுன்னு எங்கயும் போடல."

வசந்தகுமாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றாள். வீட்டில் டிரங்குப் பெட்டியில் ஒரு சவுரி இருந்தது. நாத்தனார் கல்யாணத்துக்கு அபர்டீன் பஜாரில் வாங்கியது. அப்போது அவளுக்கே இடுப்பு வரை முடி இருந்தாலும், பின்னல் இன்னும் கனமாகத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டாள். கடைக்காரர் கொடுத்த ரசீதும் அதே பெட்டியில் கிடந்தது. சொந்தம் என்பதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அன்னம்மாள் சவுரியிலிருந்து ஒரு கொத்தை நறுக்கி எடைபோட்டு உறையிலிட்டு முத்திரை வைத்தாள். ரசீதின் நகலையும் இணைத்தாள். மாலை விமானத்தில் உறை போயிற்று.

ஜனவரி முதல் வாரம் முடிவு வந்தது. ஆய்வகம் இதுவரை கண்ட முடிகளிலேயே இது சிறப்பானது. துத்தநாகம் சரி, இரும்பு சரி, பாதரசம் அறவே இல்லை. வேரையும் நுனியையும் பிரித்தறிய இயலவில்லை என்றாலும் விண்ணப்பதாரர் உச்ச உடற்தகுதியில் இருக்கிறார். தற்போதைய உணவு முறையையே தொடரவும்.

பழனிசாமி அதைப் பெரிதாக்கி அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். வசந்தகுமாரி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். முப்பத்திரண்டு பக்கத்தின் மீது அவளுக்கு இருந்த பயம் அங்கேயே இறங்கிவிட்டது. யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, எந்தச் சாமிக்கோ இறக்கிக் கொடுத்த முடி. அவள் சோறுதான் தின்றிருப்பாள், வேறு என்ன தின்றிருக்கப்போகிறாள். அந்த முடிக்காரி சாப்பிட்டதையே தொடரும்படிதான் எழுதி வந்திருக்கிறது. வசந்தகுமாரி வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். விஜயன் ஓடிப்போய் ஒரு சூரை மீன் வாங்கிவந்தான். தலையைத் தனியாகப் போட்டுக் குழம்பு வைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. காரம் என்றாள்.

கேசத் தகுதி பெற்ற பதினோரு பேரைக் கொண்ட அணி பிப்ரவரியில் கப்பல் ஏறியது. குழந்தைவேலு வரவில்லை. முடி இல்லாதவருக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கவோ மறுக்கவோ விதியில் இடமில்லாததால் அவருடைய கோப்பு நிலுவையில் இருந்தது. கயிறு இழுக்க ஆளில்லாமல் கயிறு மட்டும் போயிற்று. மூன்று நாள் பயணத்திலும் வசந்தகுமாரி கப்பல் சமையலில் ஒரு வேளையையும் விடவில்லை.

சென்னையில் முதல் எறி பத்து மீட்டர் எழுபது. இரண்டாவதில் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. விரிசலும் புல்லும் இல்லாத வட்டத்தில் அவளுக்குக் கால் நிற்கவில்லை. மூன்றாவதற்குப் போகும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு, மழை வருகிறது, கப்பலிலிருந்து கடைசி மூட்டை, இதைப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டாளாம். பதினொரு மீட்டர் முப்பத்துநான்கு. நாலு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மூன்றாமிடம்.

ஹேடோவில் கப்பலை விட்டு இறங்கியபோது பேண்டு வாத்தியம் வந்திருந்தது. மேடையில் பழனிசாமி, இந்தப் பதக்கம் ஒரு தனிநபருடையது அல்ல, திட்டத்துடையது என்று விளக்கினார். பதக்கத்தைத் திட்டத்தின் கழுத்தில் போட முடியாததால்தான் வசந்தகுமாரி கழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார். என்ன சாப்பிட்டு ஜெயித்தாள் என்பதை அவளே சொல்லும்படி மைக்கை நீட்டினார்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில் அன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வேலை நிரந்தரக் கோப்பில் பழனிசாமியின் கையெழுத்து இன்னும் விழவில்லை. அதே சமயம், புரோக்கோலி என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"எல்லாப் பெருமையும் நான் அனுப்பிச்ச அந்த முடிக்குத்தான் சார் சேரும்" என்றாள்.

பழனிசாமிதான் முதலில் கைதட்டினார். மறுநாளே கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வாக்கியம் அவருடைய அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சானது.

வேலை உத்தரவு ஜூலையில் வந்தது. அதே கிடங்கு, அதே மூட்டை, ஆனால் நிரந்தரம். உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த இரண்டாம் மாதம், டெலானிபூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திட்ட நிறைவு ஆய்வுக்காக வசந்தகுமாரி தம் கேச மாதிரியை வழங்க வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். அப்போது அவள் முடி கழுத்து வரை வந்திருந்தது.

விஜயன் பதறினான். வசந்தகுமாரி பதறவில்லை. தினக்கூலியாக இருந்தபோது கடிதம் வந்தால் ஓட வேண்டும். நிரந்தர ஊழியர்கள் கடிதம் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை ஏழு வருஷம் மூட்டைக்கு அடியிலிருந்து பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். பொருள், பார்வை, எல்லாம் போட்டு, கீழ்க்காணும் விவரங்களுக்குத் தெளிவுரை வழங்குமாறு பணிவுடன் கேட்டாள். மாதிரி எந்த விதியின் எந்த உட்பிரிவின்படி கோரப்படுகிறது? தலையின் வலப்பக்கமா, இடப்பக்கமா? மாதிரி வழங்கும் நாள் பணிநாளாகக் கருதப்படுமா? தெளிவுரை வரும்வரை முடியை வெட்டாமல் பாதுகாத்து வைத்திருப்பதாக உறுதி கூறிக் கையெழுத்திட்டாள். கிடங்கு மேலாளர் மூலம், முறையான வழியில், நாலு பிரதி அனுப்பினாள்.

கடிதம் டெலானிபூர் போய், அங்கிருந்து சட்டப் பிரிவுக்குப் போய், கருத்துரைக்காக மெயின்லேண்டுக்குப் போயிருப்பதாக அன்னம்மாள் சொன்னாள். பழனிசாமிக்கு இதற்குள் பதவி உயர்வு கிடைத்து அவர் வேறு துறைக்குப் போய்விட்டார்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. தெளிவுரை இன்னும் வரவில்லை. வசந்தகுமாரியின் முடி இடுப்பைத் தாண்டிவிட்டது.